புது பிக்கப்

ஜெபசிங் எட்டு வருஷமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். ஸ்பீக்கரில் தன் வாத்தியம் எடுபடவில்லை என்பது அவருக்குத் தீராத குறை. அதற்காகவே, கம்பியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பில் விலையுயர்ந்த ஒன்றை வாங்கி, பழையதை எடுத்துவிட்டு கிட்டாருக்குள் பொருத்திக்கொண்டு, சனிக்கிழமை ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். குழுவின் முதன்மைப் பாடகியான மனைவி எமிலி மட்டும் கூட வந்திருந்தாள்.

கம்பியை மீட்டினார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கிட்டாரில் செருகியிருந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். கம்பளத்துக்கு அடியில் ஓடிய வயர், ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் மிக்ஸருக்கு ஒரு சாண் முன்பே நின்றிருந்தது. நுனியைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார்கள். நூலின் மேல் வருஷக்கணக்கான தூசி.

"எந்தப் பாவி பார்த்த வேலை இது?"

எமிலி நிமிரவில்லை. "நாந்தாங்க. உங்க தாளம் தப்புறப்பல்லாம் என்னால பாட முடியல. சொல்லவும் மனசு வரல."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

ஞாயிறுதோறும் கைகுலுக்கிப் பாராட்டியவர்களின் முகங்கள் அவர் கண்முன் ஒவ்வொன்றாக வந்தன. நூலை அறுத்து, வயரை மிக்ஸரில் செருகினார். மைக்கை அவளிடம் நீட்டினார்.

"பாடு."

வாசிக்கத் தொடங்கினார். மண்டபம் முழுக்க அவருடைய கிட்டார். இரண்டாவது வரியில் தாளம் வழுக்கியது அவருக்கே கேட்டது. கையை எடுக்கவில்லை. எமிலி இன்னும் வாயைத் திறக்கவில்லை.