நாய்கள் எழுந்த பை

கிரீன்லாந்துக் கரையில் பனிக்கட்டிகள்மேல் வெயில் விழுந்து கண் கூசுகிறது. கயாக் படகில் ஏற்றுமுன், கூடாரத்துக்குள் போகப்போகும் துணிப்பைகளை வழிகாட்டி இவாலு ஒவ்வொன்றாகச் சங்கிலியில் கிடக்கும் நாய்களின் மூக்கருகே கொண்டுபோகிறாள். மீன் வாசம் உள்ளே போனால், பின்னாலேயே பனிக்கரடி வரும். சுற்றுலா வந்திருக்கும் வெளிநாட்டுக்காரரின் சிவப்புப் பையை மறுபடியும் காட்டுகிறாள். நாய்கள் கொட்டாவி விடுகின்றன. "இந்தாளு சிரிப்பே சரியில்லடா. எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்." "விடுக்கா, அவரு இலைதழை தின்கிற மனுசன்" என்றபடி, துணைக்கு வரும் தம்பி மினிக் தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடக்கிறான். சங்கிலிகள் விறைக்க எல்லா நாய்களும் எழுந்து நிற்கின்றன. இவாலு கையை நீட்டுகிறாள். "அம்மா குடுத்த கருவாடுக்கா... கொஞ்சூண்டுதான்." "கரடி வந்தா அதையே சொல்லு. அம்மா பேரைக் கேட்டதும் திரும்பிப் போயிடும்."