அழ விடாத வீடு

குழந்தையின் உதடு கோணியது.

அவளுக்கு அது போதும். மகளை வாரி எடுக்க இரண்டு கைகளும் கட்டிலுக்குள் போய்விட்டன.

நர்ஸ் பெனிட்டா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

இதய ஆபரேஷன் முடிந்த குழந்தை. காலையில்தான் தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். இப்போது மூக்கு நுனியில் இரண்டு சின்னக் குழல்கள் மட்டும். அவை காற்றை மெல்லத் தள்ளிக் கொடுக்கும். மூச்சு விடுவது குழந்தையின் வேலை. பொழுது சாய்வதற்குள் களைத்துப்போனால் பழையபடி குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் காலையிலிருந்து அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட நெஞ்சு.

ஏறியது. இறங்கியது.

கூடவே மூச்சு விட்டு மூச்சு விட்டு அவள்தான் களைத்துப்போனாள்.

அமலி இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். அழக் கூடாது. அழுதால் உடம்பு நீலம் பாரிக்கும். அதனால் வீடே வாய்பொத்தி வாழ்ந்தது. குக்கர் பரணுக்குப் போனது. மீன் ஏலம் விடும் அவள் கணவன் ததேயு, ஊரையே எழுப்பும் தொண்டைக்காரன், வீட்டில் சைகையில் சோறு கேட்டான். பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைப்பான். எவ்வளவு சமர்த்துப் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி கண் வைக்காத நாளில்லை.

இத்தனை மாதத்தில் தன் மகள் முழுதாக அழுது அவள் கேட்டதேயில்லை.

"அழட்டும் விடுங்கக்கா," என்றாள் பெனிட்டா. "இனிமே அழலாம்."

அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அமலி வாயைத் திறந்தாள்.

முதலில் சத்தம் வரவில்லை.

பிறகு வந்தது. கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து. ஏலம் விட்டுக் கரகரத்த அப்பனின் குரல் அப்படியே.

அவள் மகளின் உதட்டைப் பார்த்தாள்.

சிவப்பு.

திரையில் ஓடிய ஆக்சிஜன் எண் இறங்கவில்லை. அமலி இன்னும் அழுதாள். இன்னும் சிவந்தாள். காது மடல்கூடச் சிவந்தது. டாக்டர் வந்து நின்று பார்த்தார். இப்படிக் கத்துகிற பிள்ளைக்குக் குழாய் எதற்கு என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ததேயு துடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சத்தம் கேட்காது. அழுகிற முகம் மட்டும்தான் தெரியும். தூக்கு, தூக்கு என்று கையாட்டினான். இவள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பைத்தியமா உனக்கு என்பதுபோல் முறைத்தான். பிறகு தானே களத்தில் இறங்கினான். கன்னத்தை உப்பினான். காதுகளைப் பிடித்து இழுத்துக் குரங்குபோல் முகம் காட்டினான்.

அழுகை லேசாகத் தேய்ந்தது. அமலியின் கண்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பின.

அவள் நகர்ந்து, இருவருக்கும் நடுவே மறைத்து நின்றாள்.