ரிப்பன் உயரத்தில் ஒரு மாப்பிள்ளை

உறைபனி விழுவதே அபூர்வமாகிவிட்டதால், பூங்கோதை கல்லூரியில் சேர்ந்தபோதே, அவள் கல்யாணப் படத்துக்காகக் கோத்தகிரிப் பனித்திடலில் அம்மா இடம் பதிந்துவைத்திருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்து முறை வந்த வாரத்தில், பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்துபோனது.

"இப்பப் பொண்ணை மட்டும் எடுத்துடலாம், மாப்பிள்ளையப் பின்னால கம்ப்யூட்டர்ல சேர்த்துக்கலாம்மா. இந்தப் பனியை விட்டா அடுத்தது உங்க பேத்திக்குத்தான்" என்றார் போட்டோக்காரர்.

குடைக்கம்பில் ஒரு ரிப்பனைக் கட்டி, பூங்கோதையின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், மாப்பிள்ளையின் முகம் வரவேண்டிய இடமென்று பிடித்தார்கள். காலை முழுக்கப் பட்டுப்புடவையில் நடுங்கிக்கொண்டே அவள் அந்த ரிப்பனை அண்ணாந்து பார்த்து வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களிடம் அம்மா ஜாதகம் கேட்பதற்கு முன்னால் உயரத்தைக் கேட்டாள். யாரும் அமையவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக் கொடுத்துப் பூங்கோதைக்கு அலுத்துவிட்டது. மூன்றாம் வருஷம் சேந்தன் வந்தான்.

"நீங்க சிரிச்சே ஆகணும்னு இல்லீங்க. ரொம்பக் களைப்பாத் தெரியறீங்க" என்றான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். "உன் காது வரைக்கும்தான்டி இருக்கான். படத்துல அவன் தலைக்கு மேல எதையோ பார்த்துச் சிரிச்சுட்டு நிப்ப."

"படத்துல உசத்திக்கலாமேம்மா."

"உசத்தலாம். மண்டபத்துல அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே நிப்பானே, அதுக்கு என்ன பண்றது?"

"படத்துல நிக்கறாளே, அவளுக்கு நெட்டையா ஒருத்தனை நீ நிதானமாத் தேடும்மா" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை கூடத்துக்குப் போய்ச் சேந்தன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.