அஞ்சரை மணி கேமரா

பட்டம்மாளின் கம்ப்யூட்டரில் மறுபடியும் மணல்கடிகாரம் வந்து நின்றது.

ஒரு மாதமாக இதே கதை. அது கவிழ்ந்து கவிழ்ந்து எழுந்த கணக்குக்கு, காசிமேட்டு மணல் மொத்தமும் அதற்குள் போயிருக்கும்.

"துரை, மணி இன்னா?"

"அஞ்சு நாப்பதுக்கா," என்றான் பக்கத்து மேசைத் துரை. "கேட்ல செக்கிங் நடக்குது. இனி ஆறு வரைக்கும் நம்ம ஃபைலு நகராது."

அது இறால் ஏற்றுமதிக் கம்பெனி. இறால் உரிக்கும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது, கேட் சூப்பர்வைசர் அவர்கள் பையைத் திறந்து பார்ப்பார். கேமரா அதைப் பதிவு செய்யும்.

பட்டம்மாள் எழுந்து, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வால்டரைத் தேடி சர்வர் அறைக்குப் போனாள்.

"இன்னா வால்டரு, என் கப்பல் லிஸ்ட்டு சேவ் ஆவறதுக்குள்ள, இறால் கப்பலேறி ஜப்பான்காரன் வயித்துக்கே போயிடும் போலக்கீதே!"

"டிஸ்க்கு ஒண்ணுதான்க்கா. கேமராவும் அதுலதான் எழுதுது, நீங்களும் அதுலதான் எழுதுறீங்க. இந்த அரைமணி நேரம் கேமராக்கு முதல் இடம் குடுத்துக்கீறேன். லிஸ்ட்டு நின்னு எழுதுனாலும் அதே லிஸ்ட்டுதான். வீடியோ நின்னா, அந்த நிமிஷம் போனது போனதுதான்."

"டெய்லி ஆறு மணி பஸ்ஸை வுடறேன். அடுத்த பஸ்ஸு ஏழரைக்குத்தான். நின்னுகினே வியாசர்பாடி போய்ச் சேர எட்டரை. காலு தூணாட்டம் வீங்கிடுது. எவளாவது ஒரு பிடி இறாலை முடிஞ்சிகினு போயிடுவான்னு இவ்ளோ காவலா? உங்க நைனாவும் கடலுக்குப் போனவர்தானே? உன் சனத்தையே காட்டிக் குடுக்கறியே!"

வால்டர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் மேனேஜர் கிருஷ்ணப்பனிடம் முறையிட்டு, 'கேமரா முன்னுரிமை ரத்து' என்று எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கிவந்து நீட்டினாள்.

வால்டர் சீட்டைப் படித்தான். பெருமூச்சு விட்டான்.

"செஞ்சிடறேன்க்கா. அதுக்கு முன்னாடி இதை மட்டும் பாத்துடுங்க."

போன மாதத்துப் பதிவு. உரிக்கும் பிரிவு சிவந்தி பையை நீட்டுகிறாள். சூப்பர்வைசர் குனிகிறார். படம் உறைந்தது. மறுபடி ஓடும்போது சிவந்தியின் கை அவர் கன்னத்தில் இருந்தது.

"மேல கை வெச்சான்னு அழுதுச்சு. இதைப் போட்டுப் பாத்தாங்க. அது அடிச்சது மட்டும்தான் தெரிஞ்சுது. வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்க."

"நடுவுல அரை நிமிஷத்தைக் காணோமே?"

"அந்த நேரம் டிஸ்க்குல வேற ஒரு பெரிய ஃபைலு சேவ் ஆவிகினு இருந்துச்சுக்கா."

யாருடைய ஃபைல் என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. திரையின் மூலையில் தேதி இருந்தது. பெரிய கப்பல் லிஸ்ட் போன தேதி, அவளுக்கு மறக்காது.

சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மணல்கடிகாரம் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, நிறுத்திட்டானா?" என்றான் துரை.

"இல்ல."

"அந்தப் பொம்பளைங்க பையைப் பாக்கறதுக்கா நம்ம உயிரை வாங்கறான்?"

பட்டம்மாள் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.

"பையைப் பாக்கறதுக்கு இல்ல துரை. பையைப் பாக்கறவன் கையைப் பாக்கறதுக்கு."