நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து

காலடிச் சத்தம் கேட்டதும் கோரின் கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று அணைத்தாள். சத்தம் அவள் கதவைத் தாண்டி, காபி மெஷின் பக்கம் போய் நின்றது. அவள் திரையை மறுபடி போட்டாள்.

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு ஹார்லனைப் பார்க்க வேண்டும். வின்ட்சர் நகரத்துக் கார் கம்பெனிகளுக்கு வெல்டிங் கணக்குப் போட்டுத் தரும் அந்த லேபின் தலைவர் அவர்தான். கோரினின் ஆறு மாத வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று இன்று சொல்லிவிடுவார்.

சொல்லக் கேட்டால் எளிதான வேலைதான். லேசர் ஒளி பட்டால் உருக்குத் தகடு எவ்வளவு ஆழம் உருகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும். பிறகு, நிஜமாகவே வெல்டிங் செய்த தகட்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றிப் படம் எடுப்பார்கள். கணக்கும் படமும் பொருந்த வேண்டும்.

பொருந்தாவிட்டால் திருகிப் பார்க்க ஓர் எண் உண்டு. லேசர் மெஷினின் மீட்டர் காட்டுகிற அளவுக்கு ஒளி விழுகிறது என்று வைத்து, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கை உருக்கு வெப்பமாகக் குடிக்கிறது என்பதுதான் அது. ஹார்லன் போடும் கணக்கில், எந்தத் தகடு வந்தாலும் அது எழுபத்தெட்டை ஒட்டியே நிற்கும். படம் அச்சாகப் பொருந்தும். மூன்று வருடத்தில் ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

கோரினுக்கு நூற்றுப் பதினைந்தில்தான் பொருந்தியது.

விழுவதைவிட அதிகமாகக் குடிக்கும் உருக்கு உலகத்தில் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். இரண்டு வாரமாக வரி வரியாகச் சரிபார்த்துவிட்டாள், தப்பு பிடிபடவில்லை.

நேற்று மாலை ஒரு குறுக்கு வழிதான் பிடிபட்டது. வெப்பம் தகட்டுக்குள் கூம்பு வடிவில் இறங்குவதாக வைத்துத்தான் கணக்கு. அந்தக் கூம்பைக் காரணமே இல்லாமல் கொஞ்சம் ஒடுக்கி நீட்டிவிட்டு, எழுபத்தெட்டு என்று போட்டாள். உடனே பொருந்திவிட்டது. யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கதவு தட்டப்பட்டது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. லேசர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் தலையை நீட்டினார்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? ஹார்லன் ஆளைத் தின்ன மாட்டாரு. இப்பத்தான் ரெண்டு டோனட் தின்னாரு.”

“சிரிப்பு வரல வெண்டல்.”

“எனக்கு மட்டும் வருதா? லென்ஸுக்கு முன்னாடி போடற கண்ணாடி மறுபடியும் கருகிப்போச்சு. இந்த மாதிரி கண்ணாடி தின்னற மெஷின நான் எங்கேயும் பார்த்ததில்ல. இன்னிக்கு இதை விடறதா இல்ல.”

முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

பத்து மணி. ஹார்லனின் மேஜையில் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். இரண்டு கணக்குகளும் அடுத்தடுத்து இருந்தன. விரல் பொய்க் கணக்கின் மேல்தான் போனது. ‘கூம்பை ஏன் ஒடுக்கினாய்?’ என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், உளறிக் கொட்டிவிடுவாள். தைரியத்தால் அல்ல, அந்தப் பயத்தால்தான் உண்மைக் கணக்கைத் திறந்தாள்.

ஹார்லன் முன்னால் குனிந்தார்.

“நூத்திப் பதினஞ்சா?”

“ஆமா.”

“நூறு டம்ளர் ஊத்தினா நூத்திப் பதினஞ்சு டம்ளர் குடிக்குமா? நல்ல தாகம்தான் உன் உருக்குக்கு!”

“மன்னிச்சிடுங்க ஹார்லன். எங்க தப்புன்னு தெரியல.”

“எனக்குத் தெரியுது. கணக்குல தப்பில்ல, ஆளுதான் தப்பு. இதே மெஷின்தானே எனக்கும்? ஒரு தடவை பிசகியிருக்கா?”

கோரின் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைவரைகூட இருக்கவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ?

தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு வெண்டல் வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“கண்ணாடி ஏன் கருகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்! பக்கத்துக் கட்டடத்துல ஒரு மீட்டர் இரவல் வாங்கி லேசரை அளந்து பார்த்தேன். நம்ம மீட்டர் ரெண்டு கிலோவாட்டுன்னு காட்டுது. நிஜமா வர்றது மூணு!”

“எப்பலேர்ந்து?” என்றார் ஹார்லன்.

“மெஷின் வந்து இறங்கின நாள்லேர்ந்து. மீட்டர்ல கம்பெனிக்காரன் வச்ச சீல் இன்னும் உடையல. மூணு வருஷமா இதேதான்.”

கோரின் உதடு அசையாமல் கணக்குப் போட்டாள். அப்படியானால் விழுந்தது நூறு அல்ல, நூற்றைம்பது. நூற்றைம்பதில் நூற்றுப் பதினைந்து...

“எழுபத்தேழு!” என்று கத்திவிட்டாள். “நூத்துக்கு எழுபத்தேழுதான்!”

“அப்படின்னா உன் கணக்கு சரிதாம்மா,” என்று வெண்டல் அவள் தோளைத் தட்டினார்.

இருவரும் ஹார்லனைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேஜை மேலிருந்த தன் கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று அணைத்தார்.

வெண்டல் வெள்ளந்தியாகத் தலையைச் சொறிந்தார்.

“ஆமா ஹார்லன், அப்ப மூணு வருஷமா உங்களுக்கு மட்டும் எப்படி எழுபத்தெட்டுல பொருந்துச்சு?”