காற்றுப் படாத அறை

"ஒரு நிமிஷம்கூட அவளைக் குழந்தையோட தனியா விட்டுடாதீங்க மேடம்" என்று குழந்தையின் அப்பா வரவேற்பு மேசையில் குனிந்து கிசுகிசுத்தார். "பிரசவத்துக்கு அப்புறம் அவ அவளாவே இல்லை. முந்தாநாள் குழந்தையைத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கதவையே உடைக்க வேண்டியதாப் போச்சு."

தெரபிஸ்ட் அவர் தோளுக்கு மேலாக, குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியை எட்டிப் பார்த்தாள். அந்த முதுகெலும்பு கிளினிக்கில் பெரியவர்களின் கழுத்தையும் முதுகையும் மடக்கென்று திருப்பிச் சுளுக்கு எடுத்து விடுவது டாக்டரின் வேலை. கைக்குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவது இவள் வேலை. பதினாறு வருஷத்தில் இப்படியோர் எச்சரிக்கையோடு எந்தக் குழந்தையும் இவள் கைக்கு வந்ததில்லை.

குழந்தைக்குக் காற்றுப் படக் கூடாது, தாயைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்பது பின்னறையின் சட்டம். எந்தப் புண்ணியவான் இந்தச் சட்டத்தைப் போட்டான் என்று இன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக வந்தது. போட்டவளே அவள்தான்.

உள்ளே வந்ததும் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டதோடு விடவில்லை, கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

"சும்மா சாத்தினாலே போதும்மா."

"இருக்கட்டும்க்கா."

ஐந்து மாதப் பையனை மசாஜ் மேஜையை ஒட்டிய மேடையில் வெதுவெதுப்பான துண்டில் கிடத்தி, எங்கே என்ன காயம் இருக்குமோ என்று பயந்து பயந்து தடவிப் பார்த்தாள் தெரபிஸ்ட். ஒரு கீறல்கூட இல்லை. அவன் பாட்டுக்கு அவளுடைய எண்ணெய் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான்.

"ராத்திரியெல்லாம் அழறானாமே, சார் சொன்னாரு."

"ம்." அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்கும் கதவுக்குமாகப் போய்ப் போய் வந்தது. "இதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம்."

"கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்களேன்."

பக்கத்து அறையில் யாருக்கோ டாக்டர் கழுத்தைத் திருப்பினார் போலிருக்கிறது. மடக்கென்று சத்தம், பின்னாலேயே ஒரு ஆம்பளைக் குரல் "ஐயோ" என்றது. அவ்வளவுதான், அந்தப் பெண் பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். எண்ணெய் உடம்பு அவள் கையிலிருந்து வழுக்கி ஒரு சாண் இறங்கியது. தெரபிஸ்ட் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"வழுக்கும்மா, குடுங்க. டாக்டர் யாருக்கோ கழுத்துல சுளுக்கு எடுக்கிறாரு, அவ்வளவுதான். குடுங்க கண்ணு."

தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் கொடுத்தாள்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். "முடிஞ்சுதா மேடம்? பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" பசு மாதிரிச் சாதுவான குரல். பாவம், இந்த மனிதர் எத்தனை நாளாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறாரோ!

"இன்னும் ஆகலைன்னு சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். முகம் வெளுத்துக் கிடந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் சார்!" தெரபிஸ்ட் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பெத்த மனம் பித்து என்று எத்தனை தாய்மார்களைக் கேலி செய்திருக்கிறாள். இன்று அந்தப் பித்தோடு ஒரே அறையில் அடைபட்டு நிற்கிறாள்.

இவளிடமிருந்து குழந்தையைப் பிரித்து வெளியே கொடுத்துவிட வேண்டும். வேறு வழியில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"நீங்களும் படுங்கம்மா, கழுத்தைப் பிடிச்சு விடுறேன். ஆனா இன்னும் அரை மணி ஆகும், பரவாயில்லையா?"

"அரை மணியா?" என்றவள் மறுபேச்சில்லாமல் மசாஜ் மேஜையில் ஏறிக் குப்புறப் படுத்தாள். மேஜையின் தலைமாட்டில் முகம் வைப்பதற்கென்றே இருந்த ஓட்டைக்குள் முகம் புதைந்தது. இனி அவளுக்குத் தரை மட்டும்தான் தெரியும்.

முடியை ஒதுக்கினால், பின்கழுத்தின் ஒரு பக்கம் நாலு விரல் தடம், மறுபக்கம் கட்டைவிரல் தடம், கன்றிப்போய் நீலமாக இருந்தது. அந்தப் பயத்திலும் தெரபிஸ்டுக்குத் தொழில் கோபம் வந்துவிட்டது.

"யாரும்மா இப்படி அழுத்திப் பிடிச்சு விட்டது? வேலை தெரியாதவங்ககிட்ட கழுத்தைக் குடுக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறோம், யாரு கேக்குறா!"

"வீட்டுலதான்க்கா."

"வீட்டுலயும் கூடாது."

இடது கை அந்தக் கழுத்தை நீவிக்கொண்டே இருக்க, வலது கையால் பையனைத் துண்டோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மெல்லக் கையை எடுத்தாள். ஓரடி, இரண்டடி, மூன்றடி. இவன் அப்பா கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வான். அப்புறம் இவள் என் கழுத்தைக் கடித்தாலும் கடிக்கட்டும்.

தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

பின்னால் மேஜை அதிர்ந்தது. பாயப்போகிறாள் என்று தெரபிஸ்ட் குழந்தையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். யாரும் பாயவில்லை. ஜில்லென்ற இரண்டு கைகள் அவள் காலைப் பிடித்துக்கொண்டன.

"என் கழுத்தைப் பிடிச்ச அவர் கையில இவனையாவது குடுத்துடாதீங்கக்கா."