முடிச்சுப் போடாத முயல்

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்காவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. நான் முதன்முதலாகத் தைக்கும் ஃபெல்ட் துணி முயல் பொம்மையைக் கையிலிருந்து பிடுங்கினாள். பஞ்சு அடைத்து, வயிற்றைப் பாதி மூடியிருந்தேன்.

"நூல் நுனியில முடிச்சே போடலையேடி. இழுத்தா மொத்தமும் கையோட வந்துடும்."

மறந்துதான் போயிருந்தேன். சின்ன வயதிலிருந்தே அவள் சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைக்கிறது.

"இழுத்துத்தான் பாரேன்!" என்று கத்தினேன்.

ஊசியைப் பிடித்து இழுத்தாள். நூல் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கை ஓய்ந்து பிடி தளர்ந்ததும், நூல் முயலுக்குள் போகத் தொடங்கியது. கடைசியில் அவள் விரலிடுக்கிலிருந்த ஊசியையும் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"என்னடி இது?" என்றாள். என்னிடம் அவள் கேட்ட முதல் சந்தேகம்.

இன்னொரு ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போடாமல் அடுத்த முயலை ஆரம்பித்தேன்.